நூற்றுப் பன்னிரண்டு கம்பெனிகளும் ஒரு பஸ்ஸும்

பிறர் சம்பளம் தெரியாமல் சோறு இறங்காத மனிதர்கள் என்று ஒரு ரகம் உண்டு. அரக்கோணத்தில் ரயில் ஏறி உங்கள் எதிரில் உட்கார்ந்து, இச்சிபுத்தூர் தாண்டுவதற்குள் உங்கள் சம்பளம், யுத்த காலத்துப் பஞ்சப்படி, உங்கள் மைத்துனர் சம்பளம், அவர் வேண்டாமென்று விட்டுவிட்ட உத்தியோகத்தின் சம்பளம் எல்லாவற்றையும் கறந்துகொண்டு திருத்தணியில் இறங்கிப் போவாரே, அவர்தான். பெயர் கேட்டிருக்க மாட்டார். பெயரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வது?

இவர்களில் பெரும்பாலோர் சில்லறை வியாபாரிகள். மொத்த வியாபாரி ஒருவர் இருந்தார்: பேராசிரியர் பக்தவச்சலம். மற்றவர்கள் வம்புக்குக் கேட்டதை அவர் ஆராய்ச்சிக்குக் கேட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவரிடம் டைப் அடிக்கும் வேலை கேட்டுச் சந்திரா போன முதல் நாள் பேச்சு அவளுக்கு வரிசை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. அவள் வாசற்படி தாண்டியதும் அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"உங்கப்பாவுக்கு என்ன வருமானம்?"

"நெசவுங்க சார். பொதட்டூர்பேட்டை."

"தொழிலைக் கேக்கலை. வருமானத்தைக் கேட்டேன்."

"நூல் கெடைச்சா உண்டுங்க. கெடைக்கலைன்னா இல்லீங்க."

பேராசிரியர் முகம் சுளித்தார். "உண்டு, இல்லைங்கறதை எல்லாம் எந்தக் கட்டத்திலே போடறது? சரி, இங்கே எங்கே தங்கியிருக்கே?"

"அத்தை வீட்லங்க. ஸ்டேஷனாண்ட."

"அத்தை புருஷன்?"

"ரயில்வே கேட் கீப்பருங்க."

"சர்வீஸ் பதினஞ்சு வருஷம் இருக்குமா?"

"இருக்குங்க."

"அப்போ பஞ்சப்படி சேர்த்து இருபத்தஞ்சு ரூபாய் எட்டணா. டைப்பிங் எங்கே கத்துக்கிட்டே? அந்த இன்ஸ்டிடியூட்காரர் தலைக்கு எவ்வளவு வாங்கறார்? எத்தனை தலை?"

சந்திரா சொன்னாள். அவர் ஒரு சின்ன நோட்டில் பெருக்கிப் பார்த்து, பெருமூச்சு விட்டார்.

"இங்கிலீஷ்லேர்ந்து தமிழ்லே எழுத வருமா?"

"வருங்க."

"நாளைக்கு வா."

வாசல் வரை வந்தவள் திரும்பி நின்றாள். "சார், எம் பேரு சந்திராங்க."

"தேவைப்பட்டா கேக்கறேன்" என்றார் பேராசிரியர்.

அன்று சாயங்காலம் சந்திரா அந்தக் கணக்கைச் சொல்லப்போக, அத்தை வீட்டில் அடுப்பு எரியவில்லை. பதினைந்து வருஷமாக மாமா தன் சம்பளம் இருபத்திரண்டு என்றே வீட்டில் சொல்லி வந்திருந்தார்.

சந்திரா அதிகம் பேசுகிறவள் அல்ல. போர்டு ஸ்கூலில் தமிழும் அரக்கோணத்துப் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷும் படித்து, இரண்டு பாஷையிலும் பேசாமல் இருக்கக் கற்றவள். அது அந்த வீட்டு வேலைக்கு மிகவும் பொருந்தியது.

பேராசிரியர் சென்னையில் ஒரு கல்லூரியில் காமர்ஸ் பையன்களுக்குக் கணக்குப் பாடம் நடத்தியவர். பாடம் நடத்தியது வயிற்றுக்கு. அவருடைய வாழ்க்கை வேறு ஒன்றில் இருந்தது. இருபத்தோரு வருஷமாக ஒரே கேள்வி: லிமிடெட் கம்பெனிகளை நடத்துகிறவர்கள் தங்களுக்கு எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள், அதைக் கேட்க ஆள் உண்டா? உங்களுக்குத் தெரிந்ததுதான். பங்குதாரர்கள் பணம் போடுவார்கள். மானேஜிங் ஏஜெண்ட் என்று ஒருவர் கம்பெனியை நடத்துவார். நடத்துகிற சிரமத்துக்கு மாதம் இவ்வளவு என்று எடுத்துக்கொள்வார். சிரமப்படுகிறேன் என்று டைரக்டர்களிடம் சொல்லுகிற சிரமத்துக்குத் தனியாக ஓர் அலவன்ஸ். டைரக்டர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்கிற சிரமத்துக்குத் தலைக்கு ஒரு கூட்டப்படி. இதையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டு வருவதே தம் பிறவிக் கடன் என்று அவர் நாற்பது கம்பெனிகளில் ஒவ்வொரு பங்கு வாங்கினார். பொதுக்கூட்டம் தவறாமல் போனார். கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டோடு எழுந்து நின்று, "தலைவர் அவர்களே, பதினோராம் பக்கம், மூன்றாவது அடிக்குறிப்பு" என்று ஆரம்பிப்பார். தலைவர் நடுங்கினாரா என்கிறீர்களா? பியூனைப் பார்த்துக் கண் காட்டுவார். பியூன் இன்னொரு மைசூர்பாகு கொண்டுவந்து வைப்பான். இருபத்தோரு வருஷத்தில் எந்த மானேஜிங் ஏஜெண்டின் சம்பளமும் ஓர் அணா குறைந்ததாகத் தகவல் இல்லை. பேராசிரியரின் எடை ஏறியதற்கு ஆதாரம் இருக்கிறது.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில், ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது, மற்றவர்கள் நகைப் பெட்டியைத் தூக்கினார்கள். இவர் நூற்றுப் பன்னிரண்டு கம்பெனிகளின் வருஷாந்திர அறிக்கைகளை ஏழு டிரங்குப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு மனைவியின் ஊரான திருத்தணிக்கு ரயில் ஏறினார். மனைவி அடுத்த ரயிலில் வந்தாள். பெட்டியில் இடமில்லை.

பட்டணம் பிறகு திரும்பிப் போயிற்று. இவர் நீண்ட லீவு எழுதிப் போட்டுவிட்டு, ஆராய்ச்சியைப் புத்தகமாக எழுத உட்கார்ந்தார். எழுதாத நேரத்தில் ஊரை விசாரித்தார். கிருத்திகைக்குக் கிருத்திகை மலையேறுவார். பக்தியும் உண்டு, இல்லையென்று சொல்லக்கூடாது. படிக்கட்டில் தேங்காய் விற்கிறவள், டோலி தூக்குகிறவன், செருப்புக்குக் காவல் இருக்கிறவன் ஒருவரும் தப்ப முடியாது. முருகனைத் தவிர அந்த மலையில் அவர் சம்பளம் கேட்காதவர் இல்லை. ஒருமுறை மொட்டை போட உட்கார்ந்தவர், பாதித் தலையில் ஆரம்பித்துவிட்டார். நாளைக்கு எத்தனை தலை? தலைக்கு எவ்வளவு? நாவிதர் கத்தியை நிறுத்திக்கொண்டு பணிவாகக் கேட்டார்:

"சாமிக்கு மாசம் எவ்ளோங்க?"

"அது சொந்த விஷயம்" என்றார் பேராசிரியர்.

"அப்டிங்களா? எனுதும் அதேதாங்க. தலைய ஆட்டாதீங்க."

இந்த ரகத்துக்கு உள்ள ஒரே கூச்சம் அது. உலகத்தில் சொல்லக்கூடாத சம்பளம் ஒன்றே ஒன்றுதான்.

அவருக்கு ஒரு மந்திரமும் உண்டு. "அபிப்பிராயம் வேண்டாம், அட்டவணை என்ன சொல்றது?" மனைவி குழம்பில் உப்புக் குறைவு என்றால் அதுதான் பதில். பால்காரி தண்ணீர் கலக்கவில்லை என்று சத்தியம் செய்தால் அதுதான் பதில். அவருடைய பெரிய அட்டவணை, நூற்றுப் பன்னிரண்டு மானேஜிங் ஏஜெண்டுகளைச் சம்பள வரிசையில் நிறுத்தி வைத்தது, மேஜையை மூடி இரண்டு பக்கமும் தொங்கியது. அதில் ஒரு சர்க்கரை ஆலை முதலாளி செத்துப்போனால் சராசரி மாறும். சராசரி மாறினால் சந்திரா நாற்பது பக்கம் திரும்ப அடிக்க வேண்டும். முகம் தெரியாத சர்க்கரை ஆலைக்காரர்களின் ஆரோக்கியத்துக்காக முருகனை வேண்டிக்கொண்ட ஒரே பெண் அந்த ஜில்லாவில் அவள்தான்.

ஆனாலும் அவளுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. ஒரு பொதட்டூர்பேட்டைப் பெண், ராட்டை முன்னால் உட்காராமல், மேஜை முன்னால் உட்கார்ந்து, பத்து விரலாலும் சம்பாதிக்கிறாள் என்பது சின்ன விஷயமா? ஆனால் அந்த வேலை ஒரு பஸ்ஸை நம்பி இருந்தது. பஸ்ஸோ எதையும் நம்பி இல்லாமல் பஸ் கொட்டகையின் பின்புறம் நின்றது.

நந்தியாறு மோட்டார் சர்வீஸ் லிமிடெட்டுக்கு மூன்று பஸ்கள். மூன்றாவது, பொதட்டூர்பேட்டை பஸ். துணி மூட்டையைத் திருத்தணி ரயிலுக்குக் கொண்டுவர வழியில்லாத நெசவாளிகள், பஸ் விடுகிறோம் என்ற வாக்கை நம்பி, வீட்டுக்குப் பத்தும் ஐந்துமாகப் பங்கு வாங்கினார்கள். சந்திராவின் அப்பா துளசிங்கத்துக்கும் பத்துப் பங்கு. ஒன்றரை வருஷம் ஓடிற்று. அத்தை வீட்டில் இருந்த சந்திரா, அதன்பின் காலையில் பஸ்ஸில் வந்து சாயங்காலம் ஊருக்கே திரும்பினாள். ஆவணி மாதம் என்ஜின் போயிற்று. அன்றிலிருந்து மூட்டைகள் கட்டை வண்டியில். சந்திரா மறுபடி அத்தை வீட்டில். அம்மா கெடு வைத்துவிட்டாள்.

"பஸ்ஸு வந்தா போய்ட்டு வா. இல்லன்னா பொங்கலோட வந்துடு. வயசுப் பொண்ணு எத்தினி நாளு ஊரார் வூட்ல குந்திகினு இருப்பே?"

பஸ்ஸின் டிரைவரும் மெக்கானிக்கும் அரக்கோணத்துக் காதர். அவரிடம் சந்திரா விசாரித்தாள்.

"என்ஜினு மவுத்தாயிட்ச்சி தங்கச்சி" என்றார் காதர். "பெட்ரோலு இல்லாம கரிப்புகைல ஓட்டினா நெஞ்சு வேவாதா? பட்டணத்துல செகண்டாண்டு ஒண்ணு கீது. ஆயிரத்தி இருநூறு."

"கம்பெனியாண்ட பணம் இல்லீங்களா பாய்?"

"கீது. சரியா ஆயிரத்தி இருநூறு கீது. அதுக்குத்தான் பங்காரு வேற வழி பாத்துகினு கிறாரு."

பங்காரு அந்தக் கம்பெனியின் மானேஜிங் ஏஜெண்ட். மாதம் நூறு எடுத்துக்கொண்டிருந்தார். விலைவாசியைக் கருதி அதை இருநூறாக்க வேண்டும் என்று மார்கழிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்துக்கு நோட்டீஸ் போட்டிருந்தார். மாதம் நூறு கூடினால் வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு. பங்காருவுக்குச் சம்பளமா, பஸ்ஸுக்கு என்ஜினா? அவ்வளவுதான் கேள்வி.

மறுநாள் சந்திரா டைப்ரைட்டரை நிறுத்திவிட்டு வாய் திறந்தாள். "சார், இந்த ஊர்லயே ஒரு லிமிடெட் கம்பெனி இருக்குங்க."

பேராசிரியர் நிமிர்ந்தார். என்ன கம்பெனி என்று கேட்கவில்லை. "எவ்வளவு எடுக்கறான்?" என்று கேட்டார்.

அவள் எல்லாம் சொன்னாள். அவர் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இருபத்தோரு வருஷம் காகிதத்தில் பார்த்த அநியாயம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது! அன்றே காதரிடம் ஒரு பங்கை விலைக்கு வாங்கினார். காதர் இரண்டு மடங்கு விலை சொன்னார். உண்மைக்கு விலையில்லை என்று இவர் கொடுத்தார். பிறகு சந்திராவிடம் சொன்னார்: "நெசவாளிகள் பதிமூணு மைல் நடந்து வர வேண்டாம். பிராக்ஸி கொடுக்கட்டும். எனக்குப் பதிலா இவர் ஓட்டுப் போடுவார்னு ஒரு சீட்டு. நான் பார்த்துக்கறேன்."

சந்திரா தமிழில் எண்பத்துமூன்று சீட்டு அடித்து, நூல் ஏற்றி வந்த வண்டியில் ஊருக்குப் போனாள். துளசிங்கம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கைநாட்டு வெச்சா இன்னாம்மா ஆவும்?"

"நமக்கு பதிலா சார் ஓட்டுப் போடுவாரு நைனா."

"நம்ம பக்கமே போடுவாரா?"

"இருவத்தோரு வருசமா இதத்தான் எழுதிகினு கிறாரு. மேல குந்திகினு கிறவங்க எவ்ளோ வாரிக்கிறாங்கன்னு."

"நீ பாத்தியா?"

"நாந்தான் நைனா டைப் அடிச்சேன்."

"ஆங், அப்ப சரி."

எண்பத்துமூன்று வீட்டிலும் அதே பேச்சு. எண்பத்துமூன்று வீட்டிலும் 'துளசிங்கம் பொண்ணு சொல்லுது' என்று கைநாட்டு. சாயம் ஏறிய பெருவிரல்கள். மசிக்கு அவசியமே இல்லாமல் சில பதிந்தன.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்பு, பங்காரு பேராசிரியரைப் பார்க்க வந்தார். பிராக்ஸி விஷயம் காதில் விழுந்திருக்கும். கோபமாக வருவார் என்று சந்திரா எதிர்பார்த்தாள். அவர் செருப்பைத் தெருவிலேயே கழற்றினார். மேல்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

"அய்யா, நா படிக்காதவன். நீங்க எத்தினியோ கம்பெனி பாத்தவங்க. எனக்கு இன்னா தகும்னு நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொல்றதுக்கு மேல ஒரு காலணா வேணாங்க எனக்கு."

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். யோசித்துப் பாருங்கள். இருபத்தோரு வருஷமாக அவர்தான் உலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். உலகம் மைசூர்பாகு கொடுத்தது. 'உங்கள் அபிப்பிராயம் என்ன?' என்று அவரை ஒருவரும், ஒரே ஒருவரும், கேட்டதில்லை. தாகத்தில் இருப்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம் என்பது பங்காருவுக்குத் தெரியும். குடம் யாருடையது என்றும் தெரியும்.

இரண்டு நாள் பேராசிரியர் அட்டவணையோடு கிடந்தார். மூன்றாம் நாள் சந்திரா உள்ளே நுழையும்போதே கூவினார்:

"பார்த்தியா அநியாயத்தை! நூற்றுப் பதிமூணாவது! கடைசி! இந்த அட்டவணையிலேயே இவ்வளவு குறைச்சல் சம்பளம் வாங்கற மானேஜிங் ஏஜெண்ட் வேற யாருமே இல்லை!"

"சார், அதுல கப்பல் கம்பெனி இருக்குங்க. தேயிலைத் தோட்டம் இருக்குது. இது மூணு பஸ்ஸுங்க. ரெண்டுதான் ஓடுது."

"அதையெல்லாம் அடிக்குறிப்பிலே சொல்லிடலாம். சராசரி நானூத்திப் பதினஞ்சு. ஒரேயடியா ஏத்த வேண்டாம். முதல்லே முந்நூத்திப் பத்து."

"அவரே இருநூறுதாங்க கேட்டிருக்காரு."

"அறியாமை! கேக்கத் தெரியாதவனுக்காக ஆராய்ச்சி கேக்கணும்."

"பஸ்ஸுங்க சார்?"

"எந்த பஸ்?"

"பொதட்டூர்பேட்டை பஸ்."

பேராசிரியர் அட்டவணையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நேர்மையாகத் தேடினார். "பஸ்ஸுக்கு இதிலே கட்டம் இல்லையேம்மா."

சந்திரா பிராக்ஸிக் கட்டை எடுத்து அவர் எதிரில் வைத்தாள். "அவங்க எல்லாரும் உங்கள நம்பித்தாங்க கைநாட்டு வெச்சாங்க."

"என்னை நம்பி இல்லை, ஆராய்ச்சியை நம்பி. அதைத்தான் நானும் நம்பறேன். முந்நூத்திப் பத்துன்னு தீர்மானத்தைத் தமிழ்லே அடி."

அடித்தாள். மறு வார்த்தை பேசவில்லை. பேசாத பெண்கள் யோசிப்பதில்லை என்பது பேராசிரியருடைய இன்னொரு முடிவு. அதற்கு அட்டவணை கிடையாது.

கைநாட்டு வைத்த எண்பத்துமூன்று வீட்டுக்கும் என்ன பதில் சொல்வது? பொங்கலுக்கு ஊர் போனால் போவது வேலை மட்டும் இல்லை. 'துளசிங்கம் பொண்ணு சொல்லுது' என்ற அந்த வாக்கியமும் போகும். விரல்கள் தீர்மானத்தை அடித்துக்கொண்டிருக்க, அவளுடைய மனம் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டியது. அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்த ஜீவன் அவள் ஒருத்திதான். எழுதியவருக்குக்கூட அட்டவணை தவிர மற்றது மறந்துபோயிருந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பாரா. நாலு தடவை அடித்தது. பங்குதாரர் தாமே கூட்டத்துக்கு வந்து ஓட்டளித்தால், அவர் கொடுத்த பிராக்ஸி செல்லாது.

அன்று மாலை போகிற வழியில் பஸ் கொட்டகையில் நின்றாள். காதரிடம் சொன்னாள்.

"ரெண்டு பேரு வந்தாப் போதுமா?"

"இல்லீங்க பாய். வர்றவங்க ஓட்டுதான் திரும்பும். நெறைய பேரு வரணும். அவங்கவங்களே வரணும்."

காதர் அரக்கோணம் போய் வந்து நின்றிருந்த பஸ்ஸைப் பார்த்தார். டயரை ஓர் உதை உதைத்தார். "ஞாயித்துக்கெழம இத்த ஓட்டிப் பாத்து ரிப்பேரு பாக்கற நாளு. எந்த ரோட்ல ஓட்டிப் பாக்கணும்னு ஆரும் எழுதி வெக்கல."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கொட்டகையில் கூட்டம் ஆரம்பமாயிற்று. பங்காரு, பாவா என்று அவர் கூப்பிடும் அக்காள் புருஷன், கடைத்தெரு ஆசாமிகள் ஆறேழு பேர். பேராசிரியர் கோட்டுப் போட்டு, பிராக்ஸிக் கட்டை எதிரில் வைத்துக்கொண்டு, சம்பளம் உயர்ந்தால் திறமை உயரும் என்பதை நிரூபித்துக்கொண்டிருந்தார். கம்பெனியை இதுவரை நாசமாக்கியது குறைந்த சம்பளம்தான் என்று பங்காருவுக்கே அன்றுதான் தெரிந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. சந்திரா பெஞ்சு ஓரத்தில் தமிழ்த் தீர்மானத்தோடு உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தரை. தெருவில் ஒருவரும் இல்லை. பதினொன்றுக்குப் பத்து நிமிஷம். "இத்துடன் ஓட்டுக்கு விடலாம்" என்றார் பேராசிரியர்.

முதலில் கரிப்புகை வந்தது. பிறகு கூச்சல் வந்தது. பிறகு மனிதர்கள் வந்தார்கள். கடைசியில்தான் அவர்கள் தள்ளிக்கொண்டு வந்த பஸ் தெரிந்தது. கே.ஜி.கண்டிகை மேட்டில் மூச்சு விட்டு நின்றதாம். அங்கிருந்து பாதி ஓட்டம், பாதி தள்ளல். இருபத்திரண்டு பேர் உட்காருகிற வண்டியில் அறுபத்தேழு பங்குதாரர்கள். முகமெல்லாம் கரி, பல்லும் கண்ணும்தான் வெள்ளை.

பங்காரு எழுந்துவிட்டார். "காதரு! எவனக் கேட்டு வண்டிய எடுத்தே?"

"ஓனருங்க கூப்ட்டாங்க சாமி. போனேன்."

"எவன்டா ஓனரு?"

கூட்டத்தில் ஒரு கரிக் கை உயர்ந்தது. "நாந்தாங்க" என்றார் துளசிங்கம். "பத்து ஷேரு." பின்னாலிருந்து இன்னொரு குரல்: "எனுது அஞ்சுங்க. தள்னதுக்குக் கூலி தனி."

பங்காரு பேராசிரியர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "அய்யா, இவங்க சீட்டெல்லாம் உங்க கைலதானே கீது? இவங்க ஓட்டு செல்லாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

பேராசிரியர் வாய் திறந்தார். செல்லாது என்று சொல்லத்தான் திறந்தார்.

"ஒன்பதாம் அத்தியாயம் சார்" என்றாள் சந்திரா. "மூணாவது பாரா. நீங்க எழுதினதுங்க."

பேராசிரியருடைய முகத்தில் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருவர், சிபாரிசு செய்த நிபுணர். இன்னொருவர், புத்தகம் எழுதிய ஆசிரியர். இந்தச் சண்டையில் யார் ஜெயிப்பார் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் புத்தகம் எழுதுகிறவர் யாரோடும் பழகியதில்லை. தன் புத்தகத்தை ஒருவர் பாரா எண்ணோடு மேற்கோள் காட்டுகிறார், அதுவும் சபையில்! அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். நாற்பது நிமிஷம் பேசினார். பிராக்ஸி ஏன் செல்லாது, எந்தச் சூழ்நிலையில் செல்லாது, செல்லும் என்று சொல்லுகிறவர்கள் எவ்வளவு பெரிய மூடர்கள். உதாரணம் காட்டுவதற்காக, வந்தவர்களைப் பெயர் கேட்டுக் கேட்டு, அவரவர் சீட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் கிழித்தார். அவர் அன்று கேட்ட அளவு பெயர்களை ஜன்மத்தில் கேட்டதில்லை. அறுபத்தேழு சீட்டும் கிழிந்து முடிந்தபோது அவருக்கு வியர்த்திருந்தது; முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பங்காரு நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை.

ஓட்டு எடுத்தார்கள். முந்நூற்றுப் பத்துக்கு ஆதரவாகப் பங்காரு, பாவா, கடைத்தெரு ஆசாமிகளில் மூன்று பேர். அப்புறம் பேராசிரியர் தம் சொந்தப் பங்குக்கும், வராதவர்கள் கொடுத்த பதினாறு சீட்டுக்கும் கையைத் தூக்கினார். ஆமாம், சிபாரிசு வேறு, சட்டம் வேறு. எதிர்த்தவர்களை எண்ணவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த தீர்மானம் என்ஜினுக்கு.

நெசவாளிகளுக்கு இதில் வேறு ஒன்று புரிந்தது. "வாத்தியாரு கில்லாடிப்பா" என்றார் துளசிங்கம் வெளியே வந்து. "அவங்க ஆளு மாதிரி குந்திகினு இருந்து, கடைசீல போட்டாரு பாரு ஒரு போடு!" ஊர் சார்பில் ஒரு கரைவேட்டி கொடுத்தார்கள். பேராசிரியர் மறுக்கவில்லை. இதை நெய்ய எவ்வளவு கூலி என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். சந்திரா தன் நைனாவிடம் எதையும் திருத்தவில்லை. ஊர் அவரை நம்பியது அவள் சொல்லித்தானே? அவரை வேஷக்காரர் என்றால் அவள் வாக்கும் அல்லவா கூடப் போகும்?

என்ஜின் வந்து பொருத்திப் பஸ் கிளம்ப தை மூன்றாம் தேதி ஆயிற்று. அந்த இரண்டு நாளுக்குத் துளசிங்கம் வீட்டில் வாய்தா வாங்கினார். நான்காம் தேதி காலை சந்திரா பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, ஒன்பது மணிக்கு டைப்ரைட்டரின் மூடியைத் திறந்தாள்.

இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள். பங்காருவுக்கு எவ்வளவு, என்ஜினுக்கு எவ்வளவு, சராசரி எவ்வளவு எல்லாம் தெரிந்துகொண்டீர்கள். இந்தப் பெண்ணுக்கு அந்த மனிதர் மாதம் என்ன கொடுத்தார் என்று ஒரு வரிகூட இல்லையே என்று நடுவில் எங்காவது உங்களுக்கு உறுத்தியதா? உறுத்தவில்லையென்றால் நீங்கள் பெரிய மனசுக்காரர். கதையை மறந்துவிட்டுத் தூங்குங்கள். உறுத்தியிருந்தால், அவசரப்பட்டுப் பேராசிரியரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். சின்ன நோட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தொகை இங்கே கிடைக்காது.

பேராசிரியர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. தோற்றதற்காக அல்ல. புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில், இருபத்தோரு வருஷ உழைப்பின் முடிவாக, ஒரு விதி எழுதியிருந்தார்: நிர்வாகிகள் சம்பளத்தை உயர்த்தும்போது பங்குதாரர்கள் தடுப்பதில்லை. நூற்றுப் பன்னிரண்டு கம்பெனிகள் ஆமாம் என்றன. நூற்றுப் பதிமூன்றாவது கெடுத்துவிட்டது. எட்டாம் நாள் காலை அவர் அட்டவணையை அவள் எதிரில் விரித்து வைத்தார். குரல் தழைந்திருந்தது, அவர் அவளிடம் எதையும் அப்படிக் கேட்டதே இல்லை.

"சந்திரா, உன்னால ஒரு உபகாரம் ஆகணும். இந்த பஸ் கம்பெனியை மட்டும் இதிலேர்ந்து எடுத்துடும்மா. பங்குதாரங்க நேரே வந்து கை தூக்கற கம்பெனியை வெச்சுக்கிட்டு ஆராய்ச்சி பண்ண முடியாது. எடுத்துட்டு, முழுசையும் மறுபடி அடிச்சுக் கொடு. நாலு காப்பி."